அப்பா சுண்ணாம்பு என்றார்

எங்கள் வீட்டைக் கட்டியபோது அதில் போட்ட சாமான்களில் ஒன்றுகூட உருப்படியில்லை என்று அம்மா சொல்வாள். அது அபாண்டம். வாசல் கதவுக்கு வாங்கிய பித்தளைப் பூட்டு முதல் தரமானது. கதவுதான் சரியில்லை. ராயபுரத்தில் உடைத்த கப்பல் மரம் மலிவாகக் கிடைத்ததென்று அப்பா வாங்கிவந்து செய்த கதவு அது. மழைக்காலத்தில் ஊதிப்போய் நிலைக்குள் நுழைய மறுக்கும். கோடையில் சுருங்கிப்போய் பூட்டோடு சேர்ந்து ஆடும். அந்த இடுக்கில் தெரு நாய் மூக்கை நுழைத்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று தெரிந்துகொண்டு போகும்.

திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது எங்கள் தெரு. கடலுக்குப் போகிறவர்களும் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களும் கலந்து குடியிருந்தார்கள். எல்லாம் ஓலைக் கூரை வீடுகள். அதற்கு நடுவில் செங்கல் வைத்து, சுண்ணாம்புக் காரை பூசி, மேலே மொட்டை மாடி போட்டு ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பது அப்பாவின் வெகுநாளைய ஆசை. அவருக்கு எண்ணூரைத் தாண்டி உப்பளத்து ஆபீஸில் நிறுவைக்காரர் வேலை. குவித்த உப்பை மூட்டை கட்டும்போது தராசுப் பக்கத்தில் குடை பிடித்து நின்று, எடை சரியா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தராசு முள்ளைப் பார்த்துப் பார்த்தே, உலகத்தில் எந்தச் சாமானைக் காட்டினாலும் தரம் சொல்லத் தனக்குத் தெரியும் என்ற எண்ணம் அவருக்கு வந்துவிட்டது.

வீடு கட்ட வந்த மேஸ்திரி சிரித்த முகக்காரர். யார் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்வார். செங்கல்லை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிட்டு அப்பா “நல்லா வெந்துகீது” என்றால் அவரும் வெந்துகீது என்பார். அதே கல்லைக் கையில் எடுத்து அம்மா பாதி மாவாக உதிர்த்துக் காட்டினால், ஆமாம், வேகவில்லைதான் என்று அதற்கும் தலையாட்டுவார். காரையில் சேர்க்கக் கடுக்காயும் வெல்லமும் கேட்டார். வாங்கிக் கொடுத்தோம். வெல்லம் சேர்ந்த காரைக்கு எறும்பு வரும், அதைக் கண்டு பயப்படக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியும் வைத்தார். எங்கள் சுவருக்கு ஓர் எறும்பும் வரவில்லை. மேஸ்திரி குடியிருந்த குடிசைக்குத்தான் சாரை சாரையாகப் போயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டைக் கெடுத்தது மணல்.

முதலில் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வண்டி ஆற்று மணல் வந்தது. பழுப்பாக இருந்தது. இடையிடையே சருகும் நத்தை ஓடும். அப்பா அதை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இன்னாப்பா, ஒரே கலீஜா கீது” என்று வண்டிக்காரரைக் கோபித்துத் திருப்பி அனுப்பினார். தெருக்கோடியில் கடற்கரை. அங்கே மணல் சலித்து வைத்த ரவை மாதிரி வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. சல்லடைகூட வேண்டாம். கண்முன்னால் இப்படி ஒரு மணலை வைத்துக்கொண்டு எவனாவது மீஞ்சூர்ச் சேற்றை வண்டி வைத்து வரவழைப்பானா என்று கேட்டார். மேஸ்திரி, எவன் வரவழைப்பான் என்றார்.

அம்மாதான் கேட்டாள், சமுத்திர மணல் ஆயிற்றே, உப்பு இருக்காதா என்று. அப்பா சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று உப்பு ஆபீஸ்காரனுக்கே பாடம் நடத்துகிறாயா என்று கேட்டார். பிறகு கடற்கரைக்கே போய், அலை எட்டாத மேட்டிலிருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஒரு பொட்டு உப்பு இல்ல” என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பொழுது விடிந்து பொழுது போனால் உப்புக் காற்றில் நிற்கிறவர். அவர் மீசையைத் தொட்டால் நம் விரல் கரிக்கும். கருவாட்டுக் குழம்பில் எல்லாரும் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிடும்போது, அவர் மட்டும் உப்புச் சட்டியை இந்தப் பக்கம் தள்ளு என்பார். உப்பளத்தில் வேலை செய்கிற எல்லாருக்குமே அப்படித்தான். அந்த நாக்கின் பேரில் வந்த தீர்ப்பை நம்பி எங்கள் வீடு எழும்பியது.

குடிபோன முதல் மழைக்காலம் தாண்டி, பனிக்காற்று அடிக்கத் தொடங்கியதும் சமையலறைச் சுவரில் அடியிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு வெள்ளையாகப் பூத்தது. பஞ்சு ஒட்டினது போல இருந்தது. தொட்டால் உதிர்ந்தது. அம்மா நாக்கில் வைத்துப் பார்த்து, உப்பு என்றாள். அப்பா பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“சுண்ணாம்பு பூக்குது” என்றார். “கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒசத்தியா இருந்தா இப்டித்தான் பூக்கும். மட்டமான சுண்ணாம்பு பூக்காது.”

அன்றைக்கு ஆரம்பித்த வழக்கு அது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அவர்களைச் சமையலறைக்குள் அழைத்துப்போய்ச் சுண்ணாம்புப் பூவைக் காட்டுவார். அவர்கள் வெளியே வந்ததும் அம்மா, உப்பைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். வந்தவர்கள் குடித்த காப்பிக்கு யாருக்கு நன்றி காட்டுவதென்று தெரியாமல் விழிப்பார்கள். பூத்த இடத்தில் காரை தளர்ந்து, பொத்துப் பொத்தென்று விழும். நாங்கள் சாப்பிடும்போது விழுந்தால் அப்பா நிமிர்ந்தே பார்க்க மாட்டார். தட்டை மட்டும் ஒரு சாண் நகர்த்திக்கொள்வார். நான் அப்போது தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் தீக்குச்சி அனுப்புகிற கம்பெனியில் வேலை செய்கிறவள் வீட்டில், உப்புச் சுவரின் ஈரத்துக்கு ஒரு குச்சிகூடப் பற்றாது. பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்துதான் நெருப்பு வாங்கி வருவேன்.

அம்மாவுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. உப்பு மகாலட்சுமி. புது வீட்டுக்குள் முதலில் கொண்டு போவது அதைத்தான். அதைக் காலால் மிதிக்கக்கூடாது, குப்பையோடு கூட்டித் தெருவில் தள்ளக்கூடாது. சுவரில் பூத்தது உப்பு என்று சொன்னவளே அவள்தான் என்பதால், அதைத் தள்ளவும் அவளால் முடியவில்லை. தினமும் காலையில் ஓர் ஓலை விசிறியால் சுவரைத் தடவி, உதிர்ந்ததை அள்ளி ஒரு பானையில் போட்டு வைத்தாள். சமையலுக்கு ஆகாது. கசப்பும் மண்ணுமாக இருக்கும். எறியவும் கூடாது. பானை நிறைந்தது. இன்னொரு பானை வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் சுவரைத் தொடவும் மாட்டாள், அன்றைக்கு லட்சுமி இஷ்டப்படி பூத்துக்கொள்ளலாம். சில வருஷங்களில் சமையலறை மூலையில் எங்களுக்கு உட்காரத்தான் இடமில்லாமல் போயிற்று, பானைகளுக்கு இருந்தது. அப்பா அந்த மூலைப் பக்கமே திரும்ப மாட்டார். திரும்பினால் அதற்கு ஒரு பேர் சொல்ல வேண்டுமே.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அதற்குள் அந்த வருஷம் வந்தது. சர்க்காரின் உப்புச் சட்டத்தை மீறி ஜனங்கள் கடற்கரையில் உப்புக் காய்ச்சிய வருஷம். எங்கள் பக்கத்திலும் கூட்டம், ஊர்வலம், போலீஸ் எல்லாம் நடந்தன. வரி கட்டாத உப்பு ஒரு பிடி வீட்டில் இருந்தாலும் குற்றம் என்றார்கள். கடல் தண்ணீரைக் காய்ச்சினால்தான் என்று இல்லை, உவர் மண்ணைச் சுரண்டி எடுத்தாலும் குற்றம். அப்பாவின் ஆபீஸில், உப்பில் சம்பளம் வாங்குகிறவன் வீட்டில் அப்படி உப்பு இருந்தால் வேலை அன்றோடு போயிற்று என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதோடு நிற்கவில்லை. அப்பாவோடு தராசில் நின்ற ஒருவருடைய மச்சான் ஒரு சட்டி உப்புக் காய்ச்சி அவர் வீட்டில் வைத்திருந்தான். மறுநாள் அவர் தராசுப் பக்கம் வரவில்லை. அப்புறம் அவரைப் பாத்தியில் உப்பு வாருகிற கூலிக் கூட்டத்தில் பார்த்ததாக அப்பா வந்து சொன்னார். அப்பாவுக்கு வலது காலில் பழைய காயம். உப்புத் தண்ணீரில் ஒரு நாள் நின்றால் மறுநாள் எழ மாட்டார். தராசு வேலை போனால் அவருக்கு வேறு வேலை கிடையாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்று சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அப்பா மூலையைப் பார்க்காமலே, அந்தச் சுண்ணாம்பையெல்லாம் வெளியே கொட்டிவிடு என்றார்.

அம்மா என்ன சொல்லியிருக்கலாம்? சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை வருஷத்து வழக்கு.

“சுண்ணாம்புதானே?” என்றாள். “அதுக்கு இன்னாத்துக்கு பயந்துகினு கீற? சுண்ணாம்புக்கு ஏது வரி?”

‘அது உப்பு, கொட்டிவிடு’ என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அதைச் சொன்னால் மணலும் உப்பு, வீடும் உப்பு, கண்ணை மூடிக்கொண்டு சொன்ன தீர்ப்பும் தப்பு என்று ஆகிவிடும். அவர் சொல்லவில்லை. அம்மாவோ, நீ உப்பு என்று சொல், கடலில் கொண்டுபோய் மரியாதையாகக் கரைத்துவிடுகிறேன் என்றாள். நான் குறுக்கே போய், இரண்டு பேரும் ஒன்றும் சொல்ல வேண்டாம், நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். இரண்டு பேரும் ஒற்றுமையாக என்னைத் திட்டினார்கள். எனக்கு அந்தக் கோபத்திலும் ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. ஆனால் படுத்தால் தூக்கம் பிடிக்காது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பூட்ஸ் எங்கள் வாசலுக்கு வந்தது. அப்பா ஆபீஸின் இன்ஸ்பெக்டரே வீட்டைச் சோதனை போட வந்திருந்தார். கூட இரண்டு பியூன்கள். அப்பாவுக்கு அவரை நன்றாகத் தெரியும். எங்கள் சுண்ணாம்பின் பெருமையை அப்பா அவரிடமும் அளந்து வைத்திருந்தார். தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வாசலில் கூடிவிட்டார்கள். கதவைச் சாத்தலாம் என்றால் எங்கள் கதவுதான் சாத்தாதே. பியூன் நேராகச் சமையலறைக்குள் போய்ப் பானைகளைக் கண்டுபிடித்தான். ஒன்றைத் தூக்கி வந்து நடுக்கூடத்தில் வைத்து, மூடியைத் திறந்தான். அப்பா முகத்தில் ஈயாடவில்லை.

“இது என்ன?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“உப்புங்க” என்றார் அப்பா.

“சுண்ணாம்புங்க” என்றாள் அம்மா.

இரண்டு வார்த்தையும் ஒரே சமயத்தில் வந்தன. எனக்குக் காது சரியாகத்தான் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் அப்பா சொல்ல மாட்டேன் என்று அடம் பிடித்த வார்த்தையை அப்பா சொல்லிவிட்டார். சாப்பாட்டு நேரம் தோறும் அம்மா கேலி செய்த வார்த்தையை அம்மா சொல்லிவிட்டாள். ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு நெற்றி சுருங்கியது. ஒரே வீட்டில், ஒரே பானைக்கு, புருஷன் ஒன்று சொல்கிறான், பெண்டாட்டி ஒன்று சொல்கிறாள் என்றால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். இதில் எது பொய் என்று அதட்டிக் கேட்டார். அம்மா விடவில்லை. அவர் சொல்வதை நம்பாதீர்கள், பயத்தில் உளறுகிறார் என்றாள். எண்ணூர்க் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முதல் தரம், ஒசத்திச் சுண்ணாம்பாக இருந்தால் இப்படித்தான் பூக்கும், மட்டமான சுண்ணாம்பு பூக்காது என்று அப்பாவின் வாய்ப்பாட்டை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். குரல் மட்டும் நடுங்கியது. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கம் இல்லை.

அப்பா அவளைக் கை அமர்த்தினார். நொண்டிக்கொண்டே சமையலறைச் சுவர்ப் பக்கம் போனார். நகத்தால் சுரண்டி, உள்ளங்கையில் வைத்து, இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“உப்புதான் சார். யாரும் காய்ச்சல. வூடே பூக்குது. சமுத்திர மணல்ல கட்டின வூடு. அந்த மணல நான்தான் போடச் சொன்னேன்.”

மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார். தராசுக்குப் பக்கத்தில் எடை கூவுகிற குரல் அவருக்கு. அது அடங்கிப் பேசத் தெரியாத குரல். கூட்டத்தில் யாரோ ஒருவர் சிரித்தார். அப்பாவின் மானம் கப்பலேறுவதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த பிரியம், அதற்கு முன்னால் அப்படி வந்ததே இல்லை.

இன்ஸ்பெக்டர் உள்ளங்கையிலிருந்ததை விரலால் தேய்த்துப் பார்த்தார். அவருக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. கைத்தடியின் முனையால் சுவரை லேசாகத் தட்டினார். எங்கள் வீட்டுச் சுவருக்கு அதுவே போதும். ஒரு தோசைக்கல் அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவர் பூட்ஸ் மேலேயே விழுந்தது. பின்னால் இருந்த செங்கல்லும் வெள்ளையாகப் பூத்து நின்றது. பியூன்கள் பின்னால் நகர்ந்தார்கள், மாடியும் வருமோ என்று.

“உப்பு ஆபீஸ்ல இத்தனை வருஷமா இருக்கீங்க” என்றார் இன்ஸ்பெக்டர். “கடல் மணல்லயா வீடு கட்டினீங்க?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“வெள்ளையா இருந்துச்சு சார்” என்றார்.

அதைக் கேட்டதும் அந்த மனிதருக்குச் சிரிப்பா இரக்கமா என்று தெரியவில்லை, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார். சுவரில் இருக்கிற வரைக்கும் அது சுவர். சுரண்டிப் பானையில் போட்டால் உப்பு. சுவரின் பேரில் கேஸ் எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. பானையில் இருப்பதை இப்போதே அழித்துவிட வேண்டும், இனிமேல் யாரும் சுரண்டக்கூடாது, அதுவாக உதிர்ந்தால் உதிரட்டும். வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கேட்டார், நாளைக்குத் தராசுக்கு வரலாமா என்று. வராமல் தராசை யார் பார்ப்பார்கள் என்று இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார். பியூன்கள் பானைகளைச் சாக்கடையில் கவிழ்க்கப் போனார்கள். கால் படுகிற இடத்தில் கொட்டாதீர்கள் என்று அம்மா கெஞ்சினாள். கடைசியில் அவர்களே ஆளுக்கொன்றாகச் சுமந்து, பல நடை நடந்து, கடலில் கொட்டிவிட்டு வந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அப்பாவை வைத வசவு கணக்கில்லை.

அவர்கள் போன பிறகும் தெருக்காரர்கள் கலையவில்லை. சிரிக்கக் காத்திருந்தார்கள். அம்மா வாசலுக்குப் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். உங்கள் கூரை ஒழுகாததா, உங்கள் வீட்டு விட்டம் பூச்சி அரிக்காததா, உப்புப் பூக்கிற சுவர் கட்டவாவது உங்களில் யாருக்கு வக்கிருந்தது என்று ஒவ்வொருவர் வீட்டுக் குறையாக எடுத்து வைத்தாள். அவள் சொன்னது எல்லாமே உண்மை. ஒருவர் பின் ஒருவராக நழுவினார்கள்.

உள்ளே வந்து அவள் பெயர்ந்து கிடந்த காரைத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். அப்பா நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று விழுந்தது. பயம் தெளிந்த அழுகை அது. எனக்கும் வந்தது.

எதற்காகச் சுண்ணாம்பு என்று சொன்னாய் என்று அப்பா கேட்டார். அம்மா காரையைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“உனக்குப் பொய் சொல்லவே வரல” என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“உனக்கு மட்டும் நெசம் சொல்ல வந்துச்சா, இத்தினி வருசமா? இன்னிக்கித்தான் வாயில வந்துகீது. அதுவும் நான் உனக்காவ பொய் சொல்ற நேரமாப் பார்த்து.”

அப்பா எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, அவரும் காரையைப் பொறுக்கினார். எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து விழுந்ததை அவர் கையால் எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.